நான் கூப்பிடாத நம்பர்

டெலிபோனில் பேசும்போது நான் உட்கார மாட்டேன். உட்கார்ந்து பேசினால் குரலில் ஒரு சோம்பல் ஏறிவிடும், எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். ஆர்.எஸ்.புரத்தில் மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். அதனால் இப்போதும் நின்றுகொண்டே சொல்கிறேன். நாற்காலி போடச் சொன்னீர்களே, அதற்கு நன்றி இன்ஸ்பெக்டரம்மா.

என் பெயர் உம்மல் குல்சும். கோட்டைமேட்டில் அத்தா விட்டுப்போன வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஷோரூமுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் போன் பேசுவதும் என் வேலை.

போன வருஷம், தொண்ணூற்றைந்து மே மாதத்தில், கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. சர்வீஸ் மேனேஜர் சீனிவாசலு சார் என்னைக் கூப்பிட்டு எனக்குப் புரியும்படி விளக்கினார். அந்த வருஷத் தொடக்கத்தில் விற்ற வண்டிகளில், இன்ஜினுக்குள் ஒரு பேரிங் சரியில்லை. முதலில் லேசாகச் சத்தம் வரும். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நொறுங்கும். இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். வண்டிகளை வரவழைத்து இலவசமாக மாற்றித்தர வேண்டும், ஆனால் பேப்பரில் போட்டுக் கம்பெனி பெயரைக் கெடுக்கக்கூடாது, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்று ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். அன்னூர்ப் பக்கம் பாலுசாமி என்று ஒரு விவசாயி. அவர் வீட்டில் போன் இல்லை, பால் சொசைட்டிக்குப் போட்டு ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, கடலைக்காய் போடுகிற நேரத்தில் கோயமுத்தூருக்கு வர முடியாது என்று சாதித்தார். நான் விடவில்லை. கடைசியில் அவர் சம்சாரத்திடம் பேசி வரவழைத்தேன். இன்ஜினைப் பிரித்த பிறகு சீனிவாசலு சார் அந்தப் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரிசல் விட்டிருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா ஆள் தங்கியிருக்க மாட்டாருங்கம்மா” என்றார். அந்த மனிதர் இன்று தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் தங்கை நிலோஃபரை நான்தான் வளர்த்தேன். அவளைப் பெற்றெடுத்த கையோடு அம்மா போய்விட்டார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்குச் சோறூட்டி, சடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து எல்லாம் நான்தான். எனக்கு வந்த சம்பந்தங்களை நானே வேண்டாம் என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குப் பிள்ளை இருக்கும்போது கல்யாணம் எதற்கு.

அவளை அன்னூரில் அர்ஷத்துக்குக் கொடுத்தோம். நல்ல பையன். இதை நான் மறைக்கப்போவதில்லை. சந்தை சந்தையாகப் போய் ரெடிமேட் துணி விற்பான். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், என்னை வாய் நிறைய அக்கா என்பான். அவனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வாரா வாரம் வெள்ளிக்கிழமை நிலோஃபரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வருவான். கல்யாணமான அடுத்த வருஷம் அத்தாவும் மவுத்தாகி அம்மா போன இடத்துக்கே போய்விட்டார். அதன் பிறகு அந்த வெள்ளிக்கிழமை ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

பக்ரீத்துக்கு வந்தபோது, ஓசூரில் ஒரு கடை அமைந்திருப்பதாக அர்ஷத் சொன்னான். மழைக்காலத்துக்கு முன் குடும்பத்தோடு போய்விடுவார்களாம். நிலோஃபரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் பிரியாணி பரிமாறிக்கொண்டே நல்லது கண்ணு, நல்லது என்றேன். என்னையும் வரச் சொல்லுவாள் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். அவளுக்கு அது தோன்றவில்லை.

அந்த வாரம்தான் கம்பெனித் தகவல் வந்திருந்தது. அர்ஷத்துடைய வண்டியும் அதில் ஒன்று. சீனிவாசலு சார் அவராகவே கேட்டார். அவிநாசி சர்வீஸ் சென்டரில் மாற்றிவிட்டார்கள் சார் என்றேன். என் வீட்டு வண்டி, என் வாயால் சொல்கிறேன், அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்.

நிலோஃபரிடம் மட்டும் இனி வண்டியில் ஏறாதே, பஸ்ஸிலேயே வா என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி, அன்னூர் ரோடு குண்டும் குழியும். யார் வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் மாதம் அர்ஷத் தனியாக ஷோரூமுக்கு வந்தான். நான் போனில் இருந்தேன், முடியும்வரை ஓரமாக நின்றான்.

“ஏனுங்கக்கா, வண்டியில கொஞ்ச நாளா டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுங்க. உட்டுட்டுப் போகட்டுங்களா?”

சர்வீஸ் பகுதி என் மேஜையிலிருந்து பத்தடி தள்ளித்தான். சீனிவாசலு சார் உள்ளே இருந்தார்.

“புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்” என்றேன். “வெளிய எங்கேயும் கழட்ட உட்டுறாதீங்க, வாரண்டி போயிரும்.”

“சரிங்கக்கா. நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்றான்.

போகும்போது நிலோஃபருக்காக வாங்கிய மாம்பழத்தில் நாலை என் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போனான். நல்ல இனிப்பு.

அடுத்த வாரம் அவிநாசிச் சந்தைக்குத் துணி மூட்டையோடு போகும்போது நடந்தது. பின்னால் வந்த லாரிக்காரர்மேல் தப்பில்லை. அவர் பிரேக் அடித்த தடம் ரோட்டில் நீளமாக இருந்ததாகச் சொன்னார்கள். அர்ஷத் பிரேக் அடிக்கவேயில்லை. வண்டிதான் நின்றுவிட்டதே.

இத்தா இருக்க நிலோஃபரை எங்கள் வீட்டுக்கு அனுப்பும்படி அவள் மாமியாரிடம் கேட்டேன். புள்ளத்தாச்சி, அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒத்துக்கொண்டார். புருஷன் போன புள்ளத்தாச்சிக்குப் பிரசவம் ஆகும்வரை இத்தா. அதுவரை வெளியே போக மாட்டாள். நான் ஷோரூமுக்கு லீவு போட்டேன். காலையில் கஞ்சி, மதியம் அவளுக்குப் பிடித்த முருங்கைக்கீரை, சாயங்காலம் எண்ணெய் தேய்த்துச் சடை பின்னுவேன். அவள் பேசமாட்டாள், அழக்கூட மாட்டாள். என் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாள். அந்த நாட்களைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

பிறகு சீனிவாசலு சார் துக்கம் கேட்க வந்தார். நிலோஃபர் உள் அறையில் இருந்தாள். நொறுங்கிய வண்டியைக் கம்பெனி இன்ஜினீயர் பிரித்துப் பார்த்தாராம், உள்ளே பழைய பேரிங்தான் இருந்ததாம். “அவிநாசியில மாத்தினதா நீங்க சொன்னீங்களேம்மா. அவங்க இந்த வண்டி வரவேயில்லைங்கறாங்க” என்றார். குற்றம் சாட்டவில்லை, குழம்பிப்போய்க் கேட்டார். அப்படித்தான் யாரோ சொன்னார்கள் சார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். விசாரிக்காமல் விட்டது தன் தப்பு என்று கம்பெனியில் அவரே ஒத்துக்கொண்டார். வேலை போய்விட்டது. பாவம், இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் மேனேஜர் என்றால் விசாரிக்கத்தானே வேண்டும்.

அவர் போனதும் நிலோஃபர் கதவருகே வந்து நின்றாள். அவ்வளவு நாள் கழித்து அவள் குரலைக் கேட்டேன்.

“அக்கா, என்னைய மட்டும் ஏனுங்க வண்டியில ஏற வேண்டாம்னீங்க?”

“வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு எப்படி கண்ணு ஏறுவே?”

“நீங்க சொன்னது பக்ரீத்துக்குங்க. எனக்குத் தள்ளிப்போனதே அதுக்கப்புறம் மொஹரத்துலதானுங்க.”

சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. தலைமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். யார் மூலம் சொல்லியனுப்பினாளோ, மறுநாள் மாமியார் கார் வைத்துக்கொண்டு வந்தார். இத்தாவில் இருக்கிற பெண் வாசல் தாண்டலாமா என்று நான் கேட்டேன். நிலோஃபர் யாரோ கேட்டதுபோலக் கடந்து போனாள்.

பிப்ரவரியில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். அன்னூருக்கு மூன்று தடவை போனேன். கதவு திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன், என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறார்கள்.

அவள் உங்களிடம் வந்து புகார் கொடுப்பாள் என்று நினைத்தேன். தினமும் வாசலில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கொடுக்கவேயில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது. அக்காவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் நானே வந்தேன். அர்ஷத்தைக் கொன்றது நான். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், வக்கீல் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். கோர்ட்டில் நிலோஃபரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள் இல்லையா? சம்மன் போனால் அவள் வந்துதானே ஆக வேண்டும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது, எடுத்துக்கொண்டுதான் வருவாள். கூண்டில் நிற்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதை மட்டும் என் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.