தழும்புள்ள மீன்

லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில், தூண்டில் பையை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"அந்த மீனுக்கு அவையள் பேர் வைச்சிருக்கினம், மச்சான்."

"ஆர்?"

"தூண்டில் கிளப் ஆக்கள். குளிர் தொடங்கப் பெரிய மீனாப் பிடிச்சு, நிறை பாத்து, படம் எடுத்துப்போட்டுத் திரும்பத் தண்ணியிலை விடுகிறவை. வருசா வருசம் அதே மீன்தான். சொண்டிலை தழும்பு."

"இந்த வருசம் கிளப்பிலை சேர முந்தி நீ பிடிச்ச மீனிலையும் தழும்பு இருந்ததெல்லே?"

"ஓம்."

"அந்த மீன் குழம்பை நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான்."

அவர் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இந்த முறை இன்னும் ஒருத்தருக்கும் அம்பிடேல்லையாம். ஆத்தங்கரையிலை நிண்டு தேடுகினம்."

"நீ இப்ப எங்கை போறாய்?"

"அவையளோடை நிண்டு தேட."