நிமிர்ந்து நின்ற முத்திரை

எனக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது என்று யாராவது உங்கள் விசாரணையில் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், ஐயா. நன்றாகவே சாப்பிடுவேன். தொழிற்சங்கக் கூட்டம் முடிந்ததும் எங்கள் தலைவர் குமாகாய் தன் கோஷ்டியை வழக்கமான கடைக்கு அழைத்துப் போவார். கொதிக்கும் கறிச்சட்டி அவரிடமிருந்து வரிசைப்படி கீழே இறங்கி வரும். கதவோரம், ஆறாவது இடத்தில் இருக்கும் எனக்கு வந்து சேரும்போது கறி தீர்ந்து முட்டைக்கோஸ் மட்டும் மிஞ்சியிருக்கும். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

ஐந்தாவது இடம் முன்பு என்னுடையது. போன வசந்தத்தில் தலைவர் கிதாஸவாவை அங்கே உட்காரச் சொன்னார். இந்த பேரிங் ஆலையில் எனக்கு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தவர். நல்ல மனிதர், திறமைசாலி. இதை நான் எங்கேயும் சொல்லத் தயார்.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். கோஷ்டிக்குள் எந்த முடிவானாலும் ஒரு தாள் சுற்றி வரும். அவரவர் பெயர் பொறித்த முத்திரையை அவரவர் கட்டத்தில் குத்த வேண்டும். தலைவரின் முத்திரை நேராக நிற்கும். நாங்கள் அவர் பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்துவோம், குனிந்து வணங்குகிற மாதிரி. இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் யாராவது மறந்திருப்பார்கள்.

அன்று கிதாஸவா விடுப்பு. மகளுக்குக் காய்ச்சல். தலைவருக்கு அது தெரியாது. தாள் மதியத்துக்குள் தலைவரிடம் போயாக வேண்டும். வராதவருக்காக இன்னொருவர் குத்திவிடுவது எங்களிடம் சாதாரண உதவி. எழுதுபொருள் கடையில் பரவலான பெயர்களுக்கெல்லாம் ஆயத்த முத்திரை கிடைக்கும். ஒன்று வாங்கினேன். அவர் கட்டத்தில் குத்தினேன். நேராகக் குத்தினேன்.

தலைவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இவன் கழுத்து மட்டும் வளையாதோ?"

"விடுங்க தலைவரே. அஞ்சாவது இடம் குடுத்தீங்க, கழுத்து நிமிந்திருச்சு. நாளைக்கு உங்க இடத்தையா கேட்டுறப் போறாரு?" என்றேன். சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்.

ஆட்குறைப்புக்கு முப்பது பெயர்களைச் சங்கமே சத்தமில்லாமல் தர வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்த நேரம் அது. தலைவரிடம் இருபத்தொன்பது தயாராக இருந்தன.

மறுவாரம் கிதாஸவா என் மேசைக்கு வந்தார். பதினெட்டு வருட வேலை போயிற்று. இரண்டு பெண் குழந்தைகளோடு ஆலைக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும்.

"அண்ணே, தலைவருக்கு நான் என்ன கொறை வச்சேன்? நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

"உன்மேல தப்பே இல்லப்பா. பெரியவங்க மனசு, யாருக்குத் தெரியும்? நீ மனச விட்டுறாத."

அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இரு கைகளாலும் கிண்ணத்தை வாங்கி, எனக்கு நன்றி சொன்னார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வரிசை குலைந்தால் சங்கமே குலைந்துவிடும், ஐயா.

தாளில் முத்திரை விழுந்த அன்று அவர் ஆலையிலேயே இல்லை, மகளோடு மருத்துவமனையில் இருந்தார் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் ஒப்புக்கொண்டால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறீர்கள். தாராளமாக. வாங்கியது நான், குத்தியது நான், தெரிந்தேதான் நிமிர்த்திக் குத்தினேன். யார்மீதும் எனக்குக் காழ்ப்பு இல்லை. இடம், வரிசை எல்லாம் எனக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஒரே ஒரு சின்னத் திருத்தம். இந்த வாக்குமூலத் தாளில் கிதாஸவாவின் கட்டம் என் கட்டத்துக்கு மேலே இருக்கிறது. மாற்றி எழுதித் தாருங்கள், இப்போதே குத்திவிடுகிறேன்.