கண்டக்டர் பாய் கேட்டது ஒரு ஸ்டாப்தான்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் கலீலுல்லா அண்ணன் அவர்களே, மாட்டுங்கா கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியை பிரேமலதா அம்மா அவர்களே, கணவர் கண்டக்டர் பாயை இழந்து இத்தா இருப்பதால் வெளியே வராமல் வீட்டிலிருந்தபடி யாசரின் போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஹபீபா அக்கா அவர்களே, ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட எங்கள் சந்துப் பெரியவர்களே, உட்கார இடமிருந்தும் கதவோரம் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கமும் சலாமும்.

என்னைத் தெரியாதவர் யாராவது இங்கே இருந்தால், அவர் இன்னும் நல்ல இட்லி சாப்பிடவில்லை என்று அர்த்தம். நான் முப்பிடாதியம்மாள். இருபத்திரண்டு வருஷமாகத் தாராவியில் இட்லி அவிக்கிறேன். இந்தத் தாளை எழுதித் தரச் சொல்லி ஷாலினியிடம் கேட்டேன். மாட்டுங்காவில் பி.எஸ்சி. படிக்கிற பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. எனக்கு நாலாம் வகுப்பு வரைக்கும் வரும். ஆக, எங்கள் இரண்டு பேரில் படித்தவள் நான்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று சொன்ன நம் கண்டக்டர் பாய், மதிப்புக்குரிய ஜெயினுலாப்தீன் அவர்கள், எழுந்திருக்கவில்லை. யாரையும் அலைக்கழிக்காமல் போனார். உயிரோடு இருந்தபோது எங்களை அலைக்கழித்ததற்கு அது ஈடு என்று நினைத்தார் போலிருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் டிராம்பே பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு மனுஷன் சும்மா இருந்தாரா? தோளில் தோல்பை இல்லாவிட்டாலும் ஆள் ஏற்றுகிற பழக்கம் போகவில்லை. யாரை ஏற்றினார்? கல்லூரிப் பிள்ளைகளை. எங்கே வைத்து ஏற்றினார்? என் இட்லிக்கடை பெஞ்சில் வைத்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ கணக்கெடுப்புக்காக மாட்டுங்காவிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் சந்துக்கு வந்தார்கள். வேலை முடிந்ததும் என் கடையில் உட்கார்ந்தார்கள். அப்போது ஷாலினி பாயிடம் கேட்டாள்:

"அங்கிள், எங்களுக்கும் ஏதாவது செய்யணும்னுதான் இருக்கு. ஆனா மோர்ச்சா, ஊர்வலம், போலீஸ்னா வீட்ல விடமாட்டாங்க. சான்பாடால இருந்து வந்து போறதுக்கே நேரம் போயிருது. எக்ஸாம் வேற."

பாய் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்:

"கடைசி ஸ்டாப் வரைக்கும் வரணும்னு யாரும்மா சொன்னா? ஒரு ஸ்டாப்புக்கு ஏறு, இறங்கிக்க. அடுத்த ஸ்டாப்ல வேற ஆள் ஏறும். வண்டி நிக்காமப் போனாச் சரிதான்."

நான் சும்மா இருப்பேனா? இப்படி ஒரு ஸ்டாப் ஆளாக ஏற்றினால் உங்கள் வண்டி தாராவியைத் தாண்டாது பாய் என்றேன். சிரித்தார். ஆனால் வண்டியை எடுத்துவிட்டார்.

ஷாலினிக்கு என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? சான்பாடாவில் ரயில் ஏறினால் குர்லாவில் இறங்குவதற்குள் வார்டு ஆபீசுக்கு ஒரு போன். எங்கள் சந்து கொடுத்த புகாரின் எண்ணைச் சொல்லி, என்ன ஆச்சு என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஸ்டாப். மராத்தி மீடியத்தில் படித்த ஒரு பெண்ணுக்கு, ஆபீசுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுகிற வேலை. ஒரு பையன் இருந்தான், வாயே திறக்க மாட்டான். அவனுக்கு, போட்டோகாப்பி எடுத்து என் கடையில் வைத்துவிட்டுப் போகிற வேலை. அவனும் போராளிதான் என்று பாய் சொல்வார். இட்லிக்கு இன்னொரு கரண்டி சட்னி கேட்கவே கூச்சப்படுகிற போராளியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது நம் சந்தின் பெரிய கதைக்கு வருகிறேன். காலையில் எழுந்தால் தொண்டையைப் பிடிக்கிற நாற்றம். ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. என் மகள் மானசாவுக்கு அப்போது பதினோரு வயசு. இளைப்பு வந்து, வாயில் மருந்துக் குழாயை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் கிளம்புவாள். எங்களுக்குச் சந்தேகமே இல்லை. டிராம்பே பக்கத்து ஆலைகள்தான் என்று சொல்லிவிட்டோம். நானூறு கையெழுத்து போட்டுக் கொடுத்தோம். அதில் முதல் கையெழுத்து யாருடையது? என்னுடையது. அதிகம் கத்தியது யார்? அதுவும் நான்தான். பெத்தவள் கத்தாமல் வேறு யார் கத்துவது? ஆபீசில் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, என்றைக்கு, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை.

யாசர் நம் சந்துப் பையன், பி.காம். படிக்கிறான். பேனர் அடித்து ஊர்வலம் போகலாம் என்று குதித்தான். பாய் ஒரு நோட்டை வாங்கி வந்தார். ஹபீபா அக்காவின் பழைய துப்பட்டாவில் ஒரு துண்டைக் கிழித்து விளக்குக் கம்பத்தில் கட்டினார். அதைப் பார்த்தால் காற்று போகும் திசை தெரியும். காலை ஆறு மணிக்கும் சாயந்தரம் ஆறு மணிக்கும் சந்துமுனையில் நின்று மூச்சை இழுத்து, நாற்றம் உண்டா இல்லையா, எது மாதிரி நாறுகிறது, துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எழுத வேண்டும். காலை நேரம் சந்துப் பிள்ளைகளுக்கு, சாயந்தரம் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம். மூக்கு இருக்கிறவர்கள் எல்லாம் வரலாம் என்றார்.

நான் செய்த கேலியைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூக்குப்படை என்று பேர் வைத்ததே நான்தான். சளி பிடித்தவனுக்கு லீவு உண்டா என்று கேட்டேன். போலீஸ் நாய்க்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கு அதுவும் இல்லை என்றேன். ஐந்து வாரம் எழுதினார்கள்.

ஆறாவது வாரம் பிள்ளைகள் என் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் சட்னியில் ஏதாவது குறையோ என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் பாய் ஷாலினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு இட்லி வாங்கினார். முழுசாகச் சாப்பிட்டார். கை கழுவினார். அப்புறம்தான் நோட்டை விரித்தார்.

என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நான் வாஷிக்குப் போய் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அந்த மூன்று நாளும் நோட்டில் நாற்றம் இல்லை. திரும்பி வந்த மறுநாள் ரப்பர் எரிகிற நாற்றம். துணி ஆடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால், என் கடை.

ஏன் அப்படி என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தில் பை தைக்கிற பட்டறைகள் உண்டு. வெட்டி மிச்சமான தோல் துண்டும் ரெக்சின் துண்டும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நின்று எரியும். அதைப் போட்டுத்தான் விடியற்காலையில் நான் இட்லிக் கொப்பரையைக் கொதிக்க வைத்தேன். பத்து வருஷமாக எனக்கு அது விறகு. அது நாற்றம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அடுப்பு என் மூக்குக்குப் பழகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"ஏளா, எங்கடையில தின்னுட்டு எனக்கே கொள்ளி வைக்கியா? ஆலைக்காரனைக் கேக்க துப்பில்ல, இட்லிக்காரிதான் ஒங்களுக்கு எளக்காரமா?"

ஷாலினி அழுதுவிட்டாள். "ஆன்ட்டி, நான் மூணு தடவ செக் பண்ணேன். தப்பா இருக்கணும்னுதான் பாத்தேன்" என்றாள். பாய் என்னை அதட்டவில்லை. மானசாவைப் பார் என்று சொல்லி என்னைக் குத்தவும் இல்லை. அவர் சொன்னது இதுதான்:

"முப்பிடாதி, நோட்டுல ஒம் பேரை இன்னும் எழுதல. எழுதுனா மொதல்ல எம்பேருதான். எம்மவன் பட்டறை மூட்டையை ஒன் அடுப்புக்குத் தெனமும் தூக்கியாந்து போட்டது யாரு? நாந்தான?"

உண்மைதான். நடக்கச் சிரமப்படுகிறாளே என்று எனக்கு உபகாரமாக நினைத்து அவர்தான் தூக்கி வந்து போடுவார். மூட்டை கொடுத்த மற்ற பட்டறைகளும் உண்டு, அவர்களும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். யாசர் இதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம் என்று சொன்னதாகவும், அடுப்புக்காரியிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னால் அது புறணி, வேலை இல்லை என்று பாய் தடுத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். யாசர், போனை ஒழுங்காகப் பிடி, உன்னை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் மானசாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே விசில் மாதிரி சத்தம். மூன்று வருஷமாக யார்மேலோ பழி போட்டுக்கொண்டு நானே என் பிள்ளைக்குப் புகை போட்டிருக்கிறேனே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் பாயிடம் போய், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்துக் கூட்டத்தில் அவர் தன் பேரை முதலில் வாசித்தார். இரண்டாவது என் பேர். அதற்குப் பிறகு பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாங்களே எழுந்து தங்கள் பேரைச் சொன்னார்கள். இப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? யாரும் யாரையும் கைகாட்டவில்லையே!

அப்புறம் எல்லாம் ஒவ்வொரு ஸ்டாப்தான். எனக்குக் கேஸ் இணைப்பு விண்ணப்பத்தை யாசர் போட்டான். அது வரும்வரை காய்ந்த விறகு மட்டும் எரித்தேன். மராத்திக்காரப் பெண் பட்டறைக் கழிவை எடுக்க வண்டி கேட்டுப் பதினொரு கடிதம் எழுதினாள். ஷாலினி ரயிலில் உட்கார்ந்து போன் போட்டுப் போட்டு, வார்டு ஆபீஸ் அம்மா இவள் குரலைக் கேட்டாலே "குர்லா ஆலா கா", அதாவது குர்லா வந்துவிட்டதா என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டாள். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வண்டி வருகிறது. ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் இல்லை, ஒரு பிள்ளைக்கும் பரீட்சை தவறவில்லை. ஷாலினி வீட்டுக்குத் தெரிந்தபோது அவள் அம்மா என் கடைக்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மானசா மருந்துக் குழாயைப் பையில்தான் வைத்திருக்கிறாள். ஆனால் போன மாதம் முழுக்க அதை வெளியே எடுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் புகை நின்ற பிறகும் நோட்டில் ஒன்பது நாள் வேறு நாற்றம் இருக்கிறது. தீப்பெட்டி மாதிரி என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்பது நாளும் துணி ஒரே பக்கம்தான் ஆடியிருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கம் எங்கள் அடுப்பு எதுவும் இல்லை. நானூறு கையெழுத்துக்கு அசையாத ஆபீஸ், எங்கள் தப்பை நாங்களே எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, காற்றை அளக்கிற கருவியைப் பற்றிப் பேச வருகிற பன்னிரண்டாம் தேதி எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. பேச வேண்டியவர் பாய். அவர்தான் இறங்கிவிட்டாரே!

அதனால் இந்தச் சபையில் சொல்கிறேன். பன்னிரண்டாம் தேதி நான் போவேன். ஷாலினியும் வருவாள், அவளுக்கு மராத்தி, எனக்கு வாய். உங்கள் மூக்கு பொய் சொல்லாதா என்று அவர்கள் கேட்டால், சொல்லாது ஐயா, முதலில் என்னைத்தான் பிடித்துக் கொடுத்தது என்பேன்.

ஹபீபா அக்கா, நேற்று நீங்கள் அந்த நோட்டை என் கையில் கொடுத்தீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் எழுத வேண்டியது யாசர், அவன் தூங்கிவிட்டான். பாய் எழுதியிருக்கிறார். அவருடைய கடைசி எழுத்து அது. வாசிக்கிறேன்: "காலை ஆறு. துணி கிழக்கே. நாற்றம் இல்லை. முப்பிடாதி கடை இட்லி வாசனை."

பாய், உங்களைக் கேலி செய்ததற்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றி மட்டும் சொல்கிறேன். என் பிள்ளையின் மூச்சுக்கும், என் பெயரைக் கெடுக்காமல் என்னைத் திருத்தியதற்கும் நன்றி.

நோட்டு இனி என் கடையில் தொங்கும், பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறேன். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு நான் எழுதுகிறேன். சாயந்தரம் ஆறு மணி காலியாக இருக்கிறது. கதவோரம் நிற்கிற பிள்ளைகளே, படியிலேயே நிற்காமல் உள்ளே வாருங்கள். ஐந்து நிமிஷம்தான். யார் ஏறுகிறீர்கள்?