பங்குக் கிணற்றுக்கு ஒரு கட்டு

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் சீனி அதிகம் தேவைப்படாது. அச்சுவேலியில் எல்லாக் கிணறும் அப்படியில்லை. பக்கத்துக் காணியில் கூட உவர்தான். ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் வேலை செய்துவிட்டு ஓய்வூதியத்தோடு நான் திரும்பி வந்ததற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். பொறுப்பதிகாரி ஐயா, வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத விட்டதற்கு நன்றி. உங்கள் பொலிஸ்காரர் எழுதினால் பிழை விடுவார்.

அது பங்குக் கிணறு. ஒரு பங்கு எனக்கு. மற்ற இரண்டும் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற என் ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு. யுத்தத்தில் ஷெல் விழுந்து சுற்றுக்கட்டு உடைந்து, கிணற்று வாய் நிலமட்டத்தில் திறந்து கிடந்தது. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று, வந்த உடனேயே சுற்றி முள்ளுக்கம்பி அடித்தேன். பிறகு புதிய கட்டுக் கட்ட அனுமதி கேட்டுப் பிரதேச சபைக் கந்தோருக்கு எழுதினேன். கம்பி அடித்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். நோர்வேயில் அப்படித்தான், உண்மையை எழுதினால் பதில் வீட்டுக்கு வரும்.

இங்கே பதில் வரவில்லை, நான்தான் போனேன். என் அலுவல் கோபிசங்கர் என்ற உத்தியோகத்தரின் மேசையில் கிடந்தது. நாற்பது வயது வராது, சிரித்த முகம். “நாளைக்கு வாங்கோ அண்ணை” என்பார். நாளைக்குப் போனால், அவருடைய மேலதிகாரியான பெரியவர் மீற்றிங்கில் என்பார். அடுத்த கிழமை போனால், பங்காளிகள் மூன்று பேரும் நேரில் வந்து ஒப்பம் வைக்க வேண்டும் என்றார்.

“அவையள் கனடாவிலையும் பிரான்சிலையும் எல்லோ இருக்கினம்?”

“அப்ப கூப்பிடுங்கோவன். திருவிழாவுக்கு வந்து சேலையும் நகையுமாப் படம் எடுக்கினம், ஒரு ஒப்பம் வைக்க வரமாட்டினமே?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். கோபிசங்கர் குரலைத் தாழ்த்தினார். “அண்ணை கனகாலம் வெளியிலை இருந்திட்டீங்கள். இஞ்சை ஒண்டும் சும்மா நடக்காது. ஏதும் சந்தோசமாய்ப் பாத்துச் செய்யுங்கோ.”

அந்தச் சந்தோசத்தை நான் வாழ்நாளில் யாருக்கும் கொடுத்ததில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. “அப்ப சட்டப்படியே செய்வம். அனுமதியில்லாமல் கம்பி அடிச்சது பிழை. முதல் அதைக் கழட்டுங்கோ.” அந்தக் கிணற்றை அவர் கண்ணாலும் கண்டதில்லை. கதிரையில் இருந்தபடி சொன்னார்.

கழற்றினேன். சட்டத்தை நான் மீறுவதில்லை. பூவரசஞ்சருகு தண்ணீருக்குள் விழாமலிருக்க, கிணற்று வாய்க்கு மெல்லிய தடிகளைக் குறுக்கே வைத்துத் தென்னோலைக் கிடுகு பரப்பினேன். கிடுகின் மேலும் சருகு விழுந்தது. அதை நான் கூட்டவில்லை.

பிறகு கந்தோருக்குப் போய், சந்தோசத்துக்கு நான் ஆயத்தம் என்றேன். இந்த விடயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அப்படியான வேலைக்குப் போகிறவர்கள் கந்தோரிலும் சொல்வதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை. வாகனமும் நாங்கள்தான் கொடுக்க வேண்டும். சந்தியில் நின்றவரை என் ஸ்கூட்டரில் ஏற்றி வந்தேன்.

“கிணறு எங்கை அண்ணை?”

“காட்டுறன். முதல் வேலியிலை இருந்து அளப்பம்.”

அளவுநாடாவின் நுனியை நான் வேலிக் கதியாலோடு பிடித்துக்கொண்டேன். அவர் மற்றப் பக்கத்தைப் பிடித்து, எண்களைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்தார். “இன்னும் கொஞ்சம்” என்றேன். “இன்னும்.” நாடா கையை விட்டு உருவியபோது விரலில் ஒரு கீறல் விழுந்தது. அது இன்னும் ஆறவில்லை.

ஆவணியில் தண்ணீர் இடுப்பளவுதான். அவருடைய கால் முறிந்திருந்தது, தொலைபேசி தண்ணீருக்குள் போய்விட்டது, குரல் மட்டும் நன்றாக இருந்தது. ஆனால் கோயிலில் திருவிழா. ஒலிபெருக்கி விடிய முதலே தொடங்கிவிடும். அயல் வீடுகள் வெளிநாட்டுக்காரருடையவை, பூட்டிக் கிடக்கின்றன.

“அண்ணை, ஏணி ஒண்டு வையுங்கோ.”

“இது பங்குக் கிணறு தம்பி. கைவைக்க மூண்டு பேரின்ரை ஒப்பமும் வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. கால் முறிஞ்சு போச்சு.”

நாளைக்குப் பார்ப்போம் என்றேன். சொன்னபடி மறுநாள் போனேன். பெரியவர் மீற்றிங்கில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அவருடைய மனைவி உதயகலா என் வீட்டுக்கு வந்தார். கடிதம் எழுதுவதென்றால் ஊரில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். “இவரை நேற்றையிலை இருந்து காணேல்லை ஐயா. பொலிசிலை எழுதிக்கொண்டு வரட்டாம். நீங்கள்தான் எழுதித் தரவேணும்.” தேநீர் கொடுத்தேன். குடித்தார், சீனி கேட்கவில்லை. இப்படியானதை ஆறுதலாக எழுத வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். நான் எழுதிக் கொடுத்த முறைப்பாடு உங்கள் கோப்பில் இருக்கும். அதில் ஒரு எழுத்துப் பிழை காணமாட்டீர்கள்.

திங்கட்கிழமை காலை கயிற்றோடு போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவருடைய குரல் கம்மிப் போயிருந்தது.

“அண்ணை, உங்கடை கட்டுக்கு இண்டைக்கே அனுமதி எடுத்துத் தாறன். ஒருத்தற்றை ஒப்பமும் வேண்டாம். தூக்கிவிடுங்கோ.”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். புதன்கிழமை, தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வந்து ஒலிபெருக்கி நின்ற பிறகு, நானே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொன்றது நான்தான் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். விழுத்தியதும் நான், விட்டுவிட்டு வந்ததும் நான். ஆனால் இதையும் பதிந்துகொள்ளுங்கள், ஐயா. அன்று காலை தூக்கிவிடத்தான் போனேன். அனுமதி தருகிறேன் என்று அவர் சொன்ன பிறகு தூக்கியிருந்தால், நானும் லஞ்சம் வாங்கியவனாகியிருப்பேன்.