தொட்டித் தண்ணீரில் தொலைந்த வேகம்

தலைமை ஏற்று, நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவத் தொடங்கிவிட்ட எங்கள் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முறுவல் பூத்து அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! நூலும் சாயமும் பார்த்துப் பார்த்தே நரை கண்ட பெரியோர்களே! காலை ஷிப்டை முடித்துவிட்டு, மடியில் பிள்ளையும் கண்ணில் களைப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே! தறியோட்டும் தோழர்களே, சாயமேற்றும் சகோதரிகளே! இந்த ஆலையின் ஆய்வுக்கூடத்துக்காரி உங்கள் அனைவருக்கும் அன்பும் அச்சமும் கலந்த வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

அச்சம் எதற்கு என்கிறீர்களா? மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மையார் உட்கார்ந்திருக்கிறாரே, பாருங்கள். அவர் என் நாத்தனார். என் கணவரின் மூத்த சகோதரி. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், நாத்தனார் வாய்த்தவர்களுக்குத்தான் என் நிலைமை புரியும்! பதினெட்டு ஆண்டுகள் நம் ஆலையின் கஞ்சி நீக்கும் தொட்டியை அரசாண்டவர் அவர். இன்றோடு நாற்பது நாளாகத் துணி மடிக்கும் மேசையில் நிற்கிறார். நாளைக் காலை அந்தத் தொட்டிக்கு வேறோர் ஆளை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அவரை அங்கிருந்து இறக்கியது யார்? நான். எந்தக் குற்றத்துக்காக? அவர் செய்யாத குற்றத்துக்காக.

நொதிகளின் வேகத்தைக் கூட்டும் செயலூக்கிகளைப் பற்றி எளிமையாகப் பேசு என்றார் தலைவர். பேசுகிறேன் ஐயா. ஆனால் நொதியைப் பேசினால் என் நாத்தனாரையும் பேசித்தான் ஆகவேண்டும்.

தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுகிறோம். நெய்து முடித்த பிறகு அந்தக் கஞ்சியை நீக்கவேண்டும். நீக்காவிட்டால் என்ன ஆகும்? (ஆமாம் அக்கா, சரியாகச் சொன்னீர்கள்!) சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கஞ்சியைக் கரைத்துத் தருவது அமைலேஸ் என்ற நொதி. அதன் உறவுக்காரன் ஒருவன் உங்கள் எச்சிலிலேயே இருக்கிறான். நொதி என்பவன் யார்? மாதக்கணக்கில் நடக்கவேண்டிய மாற்றத்தை நிமிடக்கணக்கில் முடிப்பவன். முடித்தபின் தான் தேயாமல் அடுத்த வேலைக்குப் போகிறவன். கஞ்சி போயிற்றா என்று பார்க்கத் துணியில் ஒரு சொட்டு அயோடின் விடுவோம். நீலம் வந்தால் கஞ்சி இருக்கிறது. பழுப்பாகவே நின்றால் போய்விட்டது.

இந்த நிலையில்தான் நம் ஆலைக்குத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வந்தது. கொண்டுவந்தவள் அடியேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது சாயத்தைக் கெடுக்கும் என்று மேலாளரிடம் மூன்று மாதம் வாதாடினேன். சாயத் தொட்டிக்கு அது உண்மை. ஆனால் எனக்கு ஆசை அடங்கவில்லை. ஒரு தொட்டி விடாமல் எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீரையே இணைக்கச் சொன்னேன். கஞ்சித் தொட்டிக்கும் சேர்த்துத்தான். தூய நீர், துல்லிய நீர், துகளற்ற நீர் என்று இதே மேடையில் அன்று முழங்கினேன். நீங்களும் கைதட்டினீர்கள், இப்போது மறந்ததுபோல் பார்க்காதீர்கள்.

அந்த வாரமே அரை மணி வேலை இரண்டு மணி ஆயிற்று. அப்போதும் துணியில் நீலம்! நொதியை இரட்டிப்பாகக் கொட்டச் சொன்னேன். கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். நான் என்ன செய்திருக்கவேண்டும்? தண்ணீரைச் சோதித்திருக்கவேண்டும். என்ன செய்தேன்? நாத்தனாரைச் சோதித்தேன். "தொட்டி இயக்குபவர் நேரத்தையும் சூட்டையும் சரிவரக் கவனிக்கவில்லை" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதன் நகல் அறிவிப்புப் பலகையில் ஏறியது.

அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கத்தவில்லை. அழவில்லை.

"சூடும் அதேதான், நேரமும் அதேதான், நானும் அதே ஆளுதான். மாறினது உன் தண்ணி மட்டும்தான். அதை ஒரு தடவை பாரும்மா" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அண்ணி, தண்ணியில குத்தம் கண்டுபிடிக்க நான் படிச்சிருக்கேன். நீங்க தொட்டியைப் பாருங்க" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சு நின்றது. ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். உப்பு வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்வார், தம்பி என்னிடம் சொல்வார், நான் நகர்த்துவேன். இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மனிதர் நாற்பது நாளில் பாதியாக இளைத்துவிட்டார். அதோ, வாசலோரம் நின்றுகொண்டு தலையை ஆட்டுகிறார் பாருங்கள்.

முந்தாநாள் தண்ணீர் இயந்திரம் பழுதானது. கஞ்சித் தொட்டிக்கு வேறு வழியில்லாமல் பழைய கிணற்றுத் தண்ணீரைத் திறந்தார்கள். தொட்டியில் நின்றவர் வேலைக்குப் புதியவர், கைப்பிடி எந்தப் பக்கம் திருகவேண்டும் என்பதையே பக்கத்தில் கேட்கிறவர். அவர் கையில் அரை மணியில் துணி சுத்தம். அயோடின் விட்டேன், பழுப்பு. மறுபடி விட்டேன், பழுப்பு.

நேற்று மதியம் ஆறு கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்தேன். ஆறிலும் ஒரே துணி, ஒரே சூடு, இயந்திரம் பழுதாகும் முன் மென்மையாக்கிப் பிடித்து வைத்திருந்த அதே தண்ணீர். முதல் ஐந்தில் ஒரே அளவு நொதி. முதலாவதில் வேறொன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் துளி கால்சியம் உப்பு, இயந்திரம் வடிகட்டிவிடும் அதே சுண்ணாம்புச் சத்து. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம், நான்காவதில் அதற்கு மேல், ஐந்தாவதில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆறாவதில் கால்சியம் மட்டும், நொதியே இல்லை.

என்ன கண்டேன்? முதல் குடுவை அரை மணி கழித்தும் நீலம். இரண்டாவது மெல்லத் தெளிந்தது. மூன்றாவது கால் மணியில் தெளிந்தது. நான்காவது பத்தே நிமிடம்! ஐந்தாவது? அதுவும் பத்து நிமிடம்தான், ஒரு நொடி முந்தவில்லை. நொதி ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கால்சியம் கிடைத்தபிறகு, மேலே கொட்டுவதால் வேகம் கூடாது. ஆறாவது குடுவை நீலமாகவே நின்றது. கால்சியம் தானாகக் கஞ்சியைத் தொடாது. வேலை செய்கிறவன் நொதிதான். அந்த நொதி சூட்டில் உருக்குலையாமல், கஞ்சியைப் பற்றிக்கொள்ளும் வடிவத்தில் நிற்பதற்குக் கால்சியம் கூட இருக்கவேண்டும். அப்படிக் கூட நின்று வேகம் கொடுப்பதற்குத்தான் செயலூக்கி என்று பெயர். எச்சிலில் உள்ள அமைலேஸுக்கு உப்பின் குளோரைடு அந்த உதவியைச் செய்கிறது. நம் உடம்பின் எத்தனையோ நொதிகளுக்கு மக்னீசியம் செய்கிறது.

தோழர்களே! அந்த நொதி சோம்பேறியா? இல்லை. கெட்டுப்போன சரக்கா? இல்லை. அதற்கு ஆதாரமாக இருந்ததை அழுக்கு என்று சொல்லி வடிகட்டி எறிந்தவள் நான்! எறிந்துவிட்டு, ஏன் வேகம் இல்லை என்று கேட்டவளும் நான்! அதற்கும் மேலே போய், பதினெட்டு ஆண்டு உழைத்த ஒரு பெண்மீது பழியைத் தூக்கிப் போட்டவளும் நானே!

நேற்றே மேலாளர் அறைக்குப் போய்க் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. பழியை எல்லாரும் படிக்கப் பலகையில் ஒட்டினேன், திருத்தத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா சொல்வது? அதனால் இங்கே சொல்கிறேன். மேலாளர் அவர்களே, என் அறிக்கை தவறு. தொட்டியில் குறையில்லை, அதை இயக்கியவரிடமும் குறையில்லை. குறை என் திட்டத்தில். திருத்திய அறிக்கை இதோ என் கையில். மேடையை விட்டு இறங்கியதும் உங்களிடம் தருகிறேன், பிறகு நானே பலகையில் ஒட்டுகிறேன்.

இனி இந்த ஆலையில் யாரையாவது மந்தம் என்று எழுதப் பேனாவை எடுத்தால், முதலில் ஒன்று கேட்போம். அவர் வேலைக்கு வேண்டியதை நாமே பிடுங்கிவிட்டோமா? வெளிச்சத்தைக் குறைத்தோமா, உதவிக்கு நின்ற ஆளை எடுத்தோமா, அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டோமா? கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுவோம். அப்படிக் கேட்கத் தொடங்கினால் இந்த ஆலையில் எத்தனை கைகளின் வேகம் கூடும் தெரியுமா! நான் நம்புகிறேன், நெஞ்சார நம்புகிறேன்.

அண்ணி, நான் செய்தது பெரிய தப்பு. இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

(கொஞ்சம் பொறுங்கள், மேலாளர் எழுந்திருக்கிறார். என்ன ஐயா? ஒலிபெருக்கியை வேண்டுமானால் தருகிறேன்... சரி, நானே சொல்லிவிடுகிறேன்.) நாளைக் காலை ஷிப்டில் தொட்டி அவருடையது என்கிறார்! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

அண்ணியும் எழுந்து நிற்கிறார். சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், ஏதோ கேட்கிறார்.

"இவ்வளவு பேசினியே, அந்தக் கால்சியம் உப்பை ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு போடணும்னு சொன்னியா?"

அரைக் கிலோ அண்ணி! நாற்பது நாள் கழித்து என்னிடம் நேராகக் கேட்டுவிட்டார். நாளைக்கு நானே எடைபோட்டுத் தொட்டியடிக்குக் கொண்டுவருகிறேன், நீங்கள் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் தந்த தலைவருக்கும், நீதி தந்த மேலாளருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், வாசலோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!