பௌதி கொடுத்த சட்டை

கொல்கத்தாவில், கரியாஹாட்டிலிருந்து நியூ டவுன் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு தமிழ்க்குரல் எகிறியது.

“என் பேரன் எதுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையோட பழைய சட்டையப் போடணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அந்தப் பெரியவர் மடியில் துணிக்கடைப் பை. பக்கத்தில் மகள். அவள் தோளில், சாயம் வெளுத்த மஞ்சள் சட்டையில் கைக்குழந்தை தூங்கியது.

“புதுசு ரெண்டே மாசத்துல பத்தாமப் போயிடும்பா. அப்புறம் குப்பைதான். பக்கத்து ஃப்ளாட் பௌதி, அதான் அந்த வங்காளி அண்ணி, ஒரு பெட்டி நிறைய இவனுக்குத் தந்திருக்காங்க.”

“வேண்டாததை நம்ம தலையில கட்டியிருக்காங்க.”

“அவங்களுக்குக் கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்த பையன்பா. அவன் சட்டையில ஒண்ணக்கூட அவங்க யாருக்கும் தரல. ‘உனக்கு இந்த ஊர்ல யார் இருக்கா’ன்னு எனக்குத்தான் எடுத்துக் குடுத்தாங்க.”

அவர் குழந்தையின் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார்.

“அந்தப் பையனுக்கு இப்ப என்ன வயசு?”

“மூணு.”

“எந்திரி. கடைக்குத் திரும்பிப் போய் இதெல்லாம் மூணு வயசு சைஸுக்கு மாத்திடுவோம்.”

“மறுபடியும் புதுசாப்பா?”

“இவனோட பழசு அவனுக்குப் பத்தாதேம்மா.”