சேற்றில் காய்ச்சிய காபி

தலைமை ஏற்று எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கும் பாதிரியார் ஆன்செல்ம் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி நரைத்த பெரியவர்களே! நாளெல்லாம் இறால் உரித்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! கதவோரமாய் நின்று நழுவப் பார்க்கும் படகோட்டித் தோழர்களே! லூசியானாவின் கடைக்கோடிச் சதுப்பில் பிறந்து, இதே சதுப்பில் படகோட்டும் எல்மீரின் வணக்கம்!

முன்வரிசையில் ஓவிட் அண்ணன் முறைக்கிறார். முறைக்கட்டும்! எண்ணெய்க் கம்பெனி ஒன்று வெட்டிவிட்டுப் போன கால்வாயை அடைக்க வேண்டும் என்கிறேன் நான். வளைகுடாவுக்கு அதுதான் குறுக்கு வழி, அடைக்கக் கூடாது என்கிறார் அவர். போன வாரம் படகுத்துறையில் என்ன சொன்னார் தெரியுமா?

"ஏம்மா எல்மீரு, கரை கரைஞ்சா கரையட்டுமே. வெறும் சேறுதானே? அதுக்குள்ள கரி இருக்குதுன்னு எவனோ சொன்னா, நீயும் நம்பிட்டியாக்கும்!"

நான் வாதாடவில்லை. அந்தக் கரையில் அலை அறுத்துத் தள்ளிய கறுப்புக் கட்டி ஒன்றைக் கோடையிலேயே படகுக் கூரையில் காயப் போட்டிருந்தேன். அடுப்பில் வைத்துக் கொளுத்தினேன். பற்றியது! காபி கொதித்தது! கோப்பையை அண்ணன் கையிலேயே கொடுத்தேன். குடித்தாரா, இல்லையா?

என்ன அங்கே? "ரெண்டு கோப்பை குடிச்சாரு"வா? நல்லது, சாட்சியும் கிடைத்துவிட்டது!

அது சேறா? ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் புல் முளைத்து, புல் மடிந்து, வேர்மேல் வேர் படிந்த கரிக் கருவூலம் அல்லவா! நீருக்கடியில் நிம்மதியாகக் கிடந்தது. குறுக்கு வழியில் புகுந்த அலை அறுக்க அறுக்க, அது அழுகுகிறது. கரியமில வாயுவாகி வானேறுகிறது. வானம் சூடேற, கடல் மேலேற, ஏறிய கடல் எங்கே வரும்? ஓவிட் அண்ணன் வீட்டுப் புழக்கடைக்குத்தான் வரும்! போன புயலில் அவருடைய கோழிக்கூட்டை எங்கே கண்டெடுத்தோம்? கல்லறைத் தோட்டத்தில்! அடுத்த புயலுக்கு வீடே போகும்.

"அடைச்சா நான் எந்த வழியா போறதாம்?" என்கிறீர்கள். நியாயம்தான் அண்ணே. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தீவைச் சுற்றித்தான் போக வேண்டும், டீசலும் கூடத்தான் செலவாகும். சுற்றிப் போகும் முதல் படகு என்னுடையது! முடிந்தால் முந்திப் பாருங்கள்!

நாளைக் காலை, பண்டிகை முடித்த கிறிஸ்துமஸ் மரங்களைப் படகுகளில் ஏற்றுவோம். கால்வாய் முகத்தில் அடுக்கி வேலி கட்டுவோம். வேலி நின்றால் வண்டல் தங்கும். வண்டல் தங்கினால் புல் வரும். புல் வந்தால் வேர் வரும். வேர் இருந்தால் ஊர் இருக்கும்! ஜிகினா ஒட்டிய மரத்தை மட்டும் கொண்டுவராதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவேன்.

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்!

ஓவிட் அண்ணே, எழுந்தே நிற்கிறீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் சொல்வது இதுதான்:

"என் மரத்துல இன்னும் ஜிகினாவும் நட்சத்திரமும் தொங்குது. வீட்டுக்குப் போயி கழட்டணும், பேச்சைச் சட்டுனு முடி!"

முடித்துவிட்டேன் அண்ணே! காது கொடுத்தவர்களுக்கும் கை தூக்கியவர்களுக்கும் என் நன்றி. விடிந்ததும் துறையில் பார்ப்போம். வணக்கம்!